முதல் 'டக்' ஒலியோடு நிறுத்துங்கள்: திருகோணமலை எரிபொருள் நிரப்பு நிலைய உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தில் எரிபொருள் நிரப்பு நிலையங்களை நடத்தும் உரிமையாளர்களுக்கும் முகாமையாளர்களுக்கும்,

சென்ற மாதக் கடைசியில், நான் வழக்கமாகப் பெற்றோல் அடிக்கும் நிலையத்தில் இரண்டாவது பம்புக்குப் பக்கத்துத் தூணிலே புதிதாக ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டேன். "தாங்கி நிரம்பி எரிபொருள் வழிந்தால் நிலையம் பொறுப்பேற்காது" என்று தமிழிலும் சிங்களத்திலும் அதில் எழுதியிருந்தது. அதற்குச் சரியாக மூன்று வாரங்களுக்கு முன்னர், அதே நிலையத்தின் அலுவலக அறையில் நின்று, தாங்கி நிரம்பிய பிறகும் கழுத்துமட்டும் பெற்றோலைத் திணிக்கும் வழக்கத்தை நிறுத்துமாறு முறையிட்டுவிட்டு வந்தது நான்தான். "சனம் கேக்குது டீச்சர், நாங்கள் குடுக்கிறம்" என்பதே அன்று எனக்குக் கிடைத்த பதில். அந்தப் பதிலையே இப்போது எழுத்தில் தூணில் ஒட்டியிருக்கிறார்கள். வழக்கம் நிறுத்தப்படவில்லை, அதனால் வரும் தீங்குக்கான பொறுப்பு மட்டும் கைமாற்றப்பட்டிருக்கிறது. இதை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்த நிலையத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உவர்மலையிலிருந்து நிலாவெளிப் பக்கத்துப் பாடசாலைக்குத் தினமும் கார் ஓட்டிப் போய்வரும் ஒருத்தி என்ற வகையிலும், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று உறவினர் வீடுகளுக்கு அடிக்கடி போகிறவள் என்ற வகையிலும், இதே வழக்கத்தை ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்களில் என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆகவே இந்த மடல் உங்கள் எல்லோருக்கும் உரியது.

நான் எதைச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். எனினும் அது நடக்கும் விதத்தைக் கண்ணாடி அறைக்கு வெளியே வந்து ஒருமுறை நின்று பார்க்கும்படி கேட்கிறேன். "ஃபுல் டாங்க் அடியுங்கோ தம்பி" என்று சாரதி சொல்கிறார். தம்பி நொசிலைத் தாங்கியின் வாயில் வைத்து, விசையை அழுத்தி, அது தானாக நிற்கும்படி தாங்கியின் மூடியையே விசைக்கு இடையில் செருகிவிட்டு அடுத்த வாகனத்துக்குப் போகிறார். 'டக்' என்று பம்ப் நின்றதும் திரும்பி வருகிறார். அத்தோடு காரியம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் காரின் பின்பக்கத்தைக் கையால் இரண்டு தரம் உலுக்குகிறார். நொசிலைப் பாதியளவு வெளியே இழுத்து, அதன் கழுத்தில் சுற்றிய பழைய துணியால் வாயை மூடிப் பிடித்துக்கொண்டு, மறுபடி அழுத்துகிறார். டக். மறுபடியும் அழுத்துகிறார். டக். கடைசியில் பெற்றோல் வாய்வரை வந்து மினுங்குகிறது; கொஞ்சம் வழிந்து காரின் வண்ணத்தின் மீது கோடாக இறங்கித் தரையில் சொட்டுகிறது; தொகை ஆயிரத்தில் முழுமையாக வந்து நிற்கிறது. சாரதிக்கும் திருப்தி, சில்லறை தேட வேண்டியதில்லை என்பதால் தம்பிக்கும் நிம்மதி. வழிந்த பெற்றோலுக்கும் சாரதிதான் காசு கொடுக்கிறார், ஏனெனில் நொசிலைத் தாண்டிய ஒவ்வொரு துளியையும் மீற்றர் கணக்கிட்டுவிட்டது.

இந்த வழக்கத்தை உங்கள் மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. நானும் பல காலம் அப்படிக் கேட்டவள்தான். எங்கள் ஊரிலே அது வெறும் ஆசையில் வந்த பழக்கமல்ல, பயத்தில் வந்தது. எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய 2022ஆம் ஆண்டை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல், ஜூன் மாதக் கடைசியில் 470 ரூபாவுக்கு வந்து நின்றது. ஏப்ரலில் மோட்டார் சைக்கிளுக்கு 1,000 ரூபாவுக்கும், முச்சக்கர வண்டிக்கு 1,500 ரூபாவுக்கும், காருக்கு 5,000 ரூபாவுக்கும் மேல் அடிக்க முடியாது என்று கட்டுப்பாடு வந்தது. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டு அளவில் பெறும் முறை வந்து, தொடக்கத்தில் ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து தந்தது. 2023 செப்டெம்பர் முதலாந் திகதி அந்த முறை நீக்கப்பட்ட பிறகும், வரிசையில் காரைத் தள்ளிக்கொண்டு போன இரவுகள் எங்கள் உடம்பில் இருந்து போகவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியர் கட்டத் தொடங்கிய எண்ணெய்க் குதங்களில் 99 இன்னும் சீனக்குடாக் காட்டுக்குள் நிற்கின்றன. அவற்றுக்கு இத்தனை அருகில் குடியிருந்தபடியே நாங்கள் வெறுங் கலன்களோடு விடிய விடிய வரிசையில் நின்றோம். அந்த நாட்களில் ஒரு லீற்றர் கூடக் கிடைத்தால் அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? தாங்கி தளும்ப நிரப்பினால்தான் நெஞ்சு ஆறும் என்ற நிலை அப்போதுதான் எங்களுக்குள் குடியேறியது. வரிசைகள் போய்விட்டன, அந்த நிலை மட்டும் போகவில்லை.

அதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஆவணி மாதம், அம்மாவின் கண் சிகிச்சைக்காக வவுனியாவுக்குப் போக வேண்டியிருந்தது. ஹொரவப்பொத்தானை வழியாக ஏறத்தாழ 100 கிலோமீற்றர். வழியில் எங்கும் நிற்கக் கூடாது என்பதற்காகக் காலை ஆறரை மணிக்கே போய், கழுத்துமட்டும் அடிப்பித்துக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அம்மா குளித்துச் சாப்பிட்டு வெளிக்கிட ஒன்பது மணியாயிற்று. கச்சான் காற்று வீசும் காலம். அந்த இரண்டு மணித்தியாலமும் கார் நல்ல வெயிலில் நின்றது. கன்னியாவைத் தாண்டும்போதே காருக்குள் பெற்றோல் நெடி. பன்குளத்தை அடைவதற்குள் அம்மா இரண்டு தரம் வாந்தி எடுத்துவிட்டார். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினேன். முதலிக்குளத்துக்கு அருகே தேநீருக்காக நிறுத்திவிட்டு மீண்டும் எடுக்க முயன்றபோது எஞ்சின் பற்றவில்லை. எழுபத்தாறு வயதுத் தாயோடு, வெட்டவெளி வீதியோரத்தில், ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். வைத்தியரைப் பார்க்கும் நேரம் தவறிப்போனது. அடுத்த திகதி இரண்டு மாதம் கழித்தே கிடைத்தது.

திருகோணமலைக்குத் திரும்பியதும் காரைக் கராஜுக்குக் கொண்டுபோனேன். எச்சரிக்கை விளக்கு அதற்குள் மஞ்சளாக எரியத் தொடங்கியிருந்தது. மெக்கானிக் காரை உயர்த்தி, தாங்கியோடு குழாயால் இணைக்கப்பட்ட ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றி என் கையில் தந்தார். அதற்குள் இருப்பது வெறும் கரியும் காற்றும் என்றால் அது இலேசாக இருக்க வேண்டும். நான் வாங்கியபோது ஒரு தண்ணீர்ப் போத்தலைப் போலக் கனத்தது. அவர் அதை வெட்டிய ஒரு கானுக்கு மேலே சரித்தபோது, கறுப்புக் குறுணிகள் கலந்த பெற்றோல் கொளகொளவென்று ஊற்றியது. "டீச்சர், எண்ணெய் போகக் கூடாத இடத்துக்குப் போயிருக்கு. கழுத்துமட்டும் அடிச்சிருக்கிறியள்" என்றார். வேறொன்றும் கேட்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது. பாவித்த பெட்டி ஒன்றைத் தேடிப் பூட்டி, அடைபட்ட வால்வையும் மாற்றி முடிக்க 38,000 ரூபா செலவாயிற்று. அந்த ஆண்டு மட்டும் இதே காரணத்துக்காகத் தம்மிடம் வந்த கார்களை அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

நான் விஞ்ஞானம் கற்பிப்பவள். சாதாரண தர வகுப்பில் திரவங்களின் வெப்ப விரிவை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுபவள். அந்தப் பாடத்தை என் காரின் தாங்கியோடு பொருத்திப் பார்க்காமல் இருந்தது என் தவறு. பெற்றோல் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். 40 லீற்றர் பெற்றோல் 10 பாகை சூடேறினால் அது 400 மில்லிலீற்றர் பெருகுகிறது. உங்கள் நிலத்தடித் தாங்கியில் இருந்து காலையில் வரும் பெற்றோல், நண்பகல் வெயிலில் தார் வீதிக்கு மேலே நிற்கும் காரின் தாங்கியில் 10 பாகை சூடேறுவது எங்கள் ஊரில் அதிசயமல்ல. அந்தப் பெருக்கத்துக்காகத்தான் வாகனத்தை வடிவமைத்தவர்கள் தாங்கியின் மேற்பகுதியில் காற்றுக்கு ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் சேரும் ஆவியை வெளியே விடாமல் உறிஞ்சி வைத்து, எஞ்சின் ஓடும்போது திருப்பி எஞ்சினுக்கே அனுப்பி எரிப்பதுதான் அந்தக் கரிப்பெட்டியின் வேலை. ஆவியை ஏற்கவே அது ஆக்கப்பட்டது. திரவப் பெற்றோல் உள்ளே போனால் கரி ஊறிச் சிதைகிறது, குறுணிகள் குழாய்களை அடைக்கின்றன, எஞ்சினுக்கு அளவு மீறிய பெற்றோல் ஆவி போகிறது. கழுத்துவரை நிரப்பும்போது வெயிலில் பெருகும் பெற்றோலுக்குப் போக அந்தப் பெட்டியை விட வேறு வழி இல்லை.

'டக்' என்ற அந்த ஒலியும் தற்செயலானதல்ல. நொசிலின் நுனியில் சிறு துவாரம் ஒன்று இருக்கிறது. பெற்றோல் பாயும்போது உள்ளே உண்டாகும் உறிஞ்சல் அந்தத் துவாரத்தின் வழியே காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். பெற்றோல் எழுந்து வந்து துவாரத்தை மூடியதும் காற்று வரத்து நின்று, உறிஞ்சல் கூடி, உள்ளிருக்கும் மென்சவ்வு ஒன்று இழுபட்டு, விசை விடுபடுகிறது. மின்சாரமோ கணினியோ இல்லாமல் இயங்கும் அருமையான ஏற்பாடு அது. பெற்றோல் எங்கே வந்துவிட்டது என்பதை எந்தப் பணியாளரின் கண்ணையும் விடச் சரியாக அது அறியும். துணியைச் சுற்றிப் பிடித்து, நொசிலைப் பாதி வெளியே இழுத்து, அந்தத் துவாரத்துக்குக் காற்றுக் கொடுத்து அதனை ஏமாற்றுவதைத்தான் நாங்கள் திறமை என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். முதல் முறை நின்றதும் நிறுத்திவிடுமாறு பெரும்பாலான கார்களின் கையேடுகளிலேயே எழுதியிருக்கிறது.

முதல் 'டக்' சில வேளை பொய்யாக வரும் என்பதை நான் அறிவேன். நொசில் சரிவாக இருந்தால், அல்லது வேகமாக அடிக்கும்போது நுரை எழுந்து துவாரத்தில் பட்டால், ஐந்து லீற்றரிலேயே பம்ப் நின்றுவிடும். தாங்கி பாதிக்கு மேல் வெறுமையாக இருப்பது தெரிந்தால், நொசிலைச் சரியாக உள்ளே வைத்து மெதுவாகத் தொடர்வதில் குற்றமில்லை. ஆனால் இங்கே ஒரு வினை இருக்கிறது. கரிப்பெட்டியும் அதன் குழாய்களும் ஏற்கெனவே பெற்றோல் புகுந்து அடைபட்டிருந்தால், தாங்கிக்குள் இருக்கும் காற்று வெளியேற வழியின்றிப் பம்ப் அடிக்கடி நிற்கும். அதைப் பார்க்கும் பணியாளர் பம்ப் பொய் சொல்கிறது என்று எண்ணி இன்னும் அழுத்துவார். பழுதான வாகனத்தின் பழுது இப்படியே வளர்கிறது. அத்தகைய வாகனத்தின் சொந்தக்காரரிடம் "கராஜில் ஒருக்கால் காட்டுங்கோ" என்று உங்கள் பணியாளர் சொன்னால், அது அவருக்குப் பேருதவியாக இருக்கும்.

இவ்வளவு சேதத்தையும் விலையாகக் கொடுத்து நாங்கள் வாங்குவது என்ன? என் காரின் கணக்கையே சொல்கிறேன். அதன் தாங்கி 42 லீற்றர் கொள்ளும்; எங்கள் வீதிகளில் ஒரு லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடும். வீட்டிலிருந்து பாடசாலைக்குப் போய்வர 30 கிலோமீற்றர். முதல் 'டக்' ஒலியோடு நிறுத்தினால் 40 லீற்றர் அடித்த ஒரு தாங்கி ஏறத்தாழ 18 பாடசாலை நாட்களுக்குப் போதும். துணி சுற்றி, உலுக்கி, கெஞ்சி இரண்டு லீற்றர் கூட அடித்தால் அது 19 நாளாகும். ஒரே ஒரு நாள்! அதுவும் அந்த இரண்டு லீற்றரும் சிந்தாமலும் கரிக்குள் போகாமலும் இருந்தால்தான். மாதக் கடைசி இரவில், நள்ளிரவோடு விலை கூடப்போகிறது என்ற பேச்சு பரவியதும் உங்கள் வாசலில் வரிசை கட்டுகிறோமே, அங்கும் இதே கணக்குத்தான். லீற்றருக்கு 10 ரூபா கூடுவதாக வைத்துக்கொண்டால், கழுத்துவரை திணித்த இரண்டு லீற்றரில் ஒருவர் மீதப்படுத்துவது 20 ரூபா. சிவப்பு விளக்கு எரியும்வரை ஓடிவிட்டுத் தளும்பத் தளும்ப நிரப்புவதே சிக்கனம் என்று நாங்கள் பழகிவிட்டோம். தாங்கிக்குள் இருந்து எஞ்சினுக்குப் பெற்றோலை அனுப்பும் காரின் சொந்தப் பம்பைக் குளிர்விப்பதும் அந்தப் பெற்றோலே என்பதால், அடிவரை வற்றவிடுவதும் வாகனத்துக்குக் கேடு. கால் தாங்கி இருக்கும்போதே வந்து, முதல் ஒலியோடு நிறுத்திக்கொள்கிறவர் எந்த நாளிலும் வழியில் நிற்கமாட்டார். வெருகல், புல்மோட்டைப் பக்கத்தில் இருந்து வரும் தூரத்து வாகனக்காரருக்கும் நான் சொல்லக்கூடியது இதுவே.

கார் வைத்திருப்பவர்களின் செலவோடு இந்த விடயம் முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். உங்கள் பம்புகளில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றி நான் பேச வேண்டியிருக்கிறது. அவர்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். பெயர் சொல்லாமல் ஒருவனைக் குறிப்பிடுகிறேன்: பத்தொன்பது வயது, சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவன். ஒரு நாள் காசு வாங்க நீட்டிய அவனது வலது கையைப் பார்த்தேன். விரல் இடுக்குகளில் தோல் வெளுத்து, வெடித்து, ஓரங்களில் உரிந்திருந்தது. இடது கை நன்றாகத்தான் இருந்தது. துணியைச் சுற்றிப் பிடிப்பது வலது கையால். அந்தத் துணி காலையில் இருந்து மாலைவரை பெற்றோலில் ஊறியபடியே அவன் உள்ளங்கையில் இருக்கிறது. பெற்றோலில் இருக்கும் பென்சீன் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருளென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. நொசில் உரிய முறையில் உள்ளே இருந்தால் ஆவி அவன் முகத்துக்கு வருவது குறைவு. வாயை எட்டிப் பார்த்துக்கொண்டு துளித்துளியாக நிரப்பும்போதுதான் ஒவ்வொரு தடவையும் அவன் அதை நேராகச் சுவாசிக்கிறான். ஒரு நாளில் எத்தனை வாகனம், ஒரு வாகனத்துக்கு எத்தனை 'டக்' என்று எண்ணிப் பாருங்கள். கைகழுவ எங்கே போவாய் என்று கேட்டேன். வாகனங்களுக்குத் தண்ணீர் விடும் குழாயைக் காட்டினான். சவர்க்காரம் இருக்கவில்லை.

தீயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை அளவிலும் பற்றக்கூடிய ஆவியை விடும் திரவம் இது. அந்த ஆவி காற்றை விடப் பாரமானது. மேலெழுந்து கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளங்களிலும் வடிகானிலும் தங்கும். தரையில் சொட்டியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். பெற்றோல் தண்ணீரில் மிதக்கும். கழுவினால் அது இன்னும் விரிந்து பரவும். மணல் வாளி தூரத்துச் சுவரோரத்தில், சிகரட் அடிக்கட்டைகளோடு கிடந்தது.

மோட்டார் சைக்கிள்களின் நிலை இதை விட மோசம். அங்கே தாங்கி சாரதியின் மடிக்கு முன்னால், சூடான எஞ்சினுக்கு நேர் மேலே இருக்கிறது. நொசிலை வாய்க்கு மேலே பிடித்துக் கண்ணளவில்தான் அடிக்கிறார்கள். ஒலி எழுப்பி நிறுத்த அங்கே எதுவும் இல்லை. வாய் விளிம்புவரை நிரப்பி, மூடியை அழுத்தி மூடியதும் ஓரத்தால் கசிந்து எஞ்சினின் பக்கம் இறங்கும். தாங்கியின் மேல் பிள்ளையை இருத்திக்கொண்டு வரும் தகப்பன்மார் எத்தனை பேர் என்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பிள்ளையை இறக்காமலே அடிப்பதையும் பார்க்கிறீர்கள். ஒரு சனிக்கிழமை மாலை, எனக்கு முன்னால் நின்ற மோட்டார் சைக்கிளில் இருந்த நான்கு வயதுச் சிறுமியின் தொடையில் பெற்றோல் வழிந்து, அவள் எரிகிறது எரிகிறது என்று அழுததைக் கேட்டேன். தகப்பன் தன் லேஞ்சியால் துடைத்துவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு போனார். பின்னால் நின்றவர்கள் ஹோன் அடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவரிடம் ஒரு வாளித் தண்ணீர் இருக்கிறது, பிள்ளையைக் கழுவுங்கள் என்று சொல்லவில்லை. நானும் காரை விட்டு இறங்கவில்லை. அந்த வெட்கமும் இந்த மடலில் இருக்கிறது.

நீங்கள் சொல்லக்கூடிய மறுமொழியை நான் ஏற்கெனவே கேட்டுவிட்டேன். நாங்கள் நிறுத்தினால் சனம் அடுத்த நிலையத்துக்குப் போய்விடும் என்பீர்கள். ஒருவர் மட்டும் நிறுத்தினால் அப்படி நடக்கலாம். அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் எல்லோருக்கும் எழுதுகிறேன். விலை மேலிடத்து அறிவித்தலாக வருகிறது, எரிபொருள் பவுசர் என்ற தாங்கி லொறியில் வருகிறது, நீங்கள் போட்டியிடுவதற்கு மிஞ்சியிருப்பது சேவையொன்றுதான். வாடிக்கையாளரின் வாகனத்தைக் கெடுக்கும் சேவையில் ஏன் போட்டியிட வேண்டும்? எரிபொருள் எங்களுடையது, தாங்கி அவர்களுடையது, அவர்கள் கேட்டதைத்தான் கொடுத்தோம் என்பதும் சரியாகாது. கேட்டார் என்பதற்காக எரியும் சிகரட்டோடு நிற்பவருக்கு நீங்கள் பெற்றோல் அடிப்பதில்லை. இயங்கும் எஞ்சினோடு வருகிறவரை நிறுத்தச் சொல்கிறீர்கள், சனமும் நிறுத்துகிறது. உங்கள் சொல்லுக்கு அந்த முற்றத்தில் மதிப்பு இருக்கிறது. அதை இந்த விடயத்தில் மட்டும் பாவிக்காமல் இருக்கிறீர்கள் என்பதே என் குறை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

பொறுப்பேற்க மாட்டோம் என்று அறிவிக்கும் தாள்களை அகற்றிவிடுங்கள். அவற்றின் இடத்தில், "பம்ப் முதல் தடவை தானாக நின்றதும் நிரப்புவது நிறுத்தப்படும், அதற்கு மேல் கேட்க வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும், சாரதி இருக்கையில் இருந்தே வாசிக்கக்கூடிய எழுத்தில் வையுங்கள். இதனை நிலையத்தின் விதியாக்குங்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், தன் தகப்பன் வயதுக்காரரிடம் மாட்டேன் என்று சொல்லும் பாரத்தைத் தனியே சுமக்கக் கூடாது. பலகையைக் காட்டி "எங்கட விதி ஐயா" என்று சொல்ல அவனுக்கு உங்கள் ஆதரவு வேண்டும். அப்படிச் சொன்னதற்காக ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனால், அவனை ஏசாதீர்கள்.

ஆயிரத்தில் தொகையை முழுமையாக்குவதற்காகத் திணிப்பதை நிறுத்துங்கள். முழுத் தாங்கி கேட்பவரிடம் மீற்றர் காட்டும் தொகையையே வாங்குங்கள். அதற்கு வேண்டிய சில்லறையைக் காலையில் பம்புப் பணியாளரின் பையில் வைத்து அனுப்புங்கள். அட்டையால் கட்டும் வசதி உள்ள நிலையங்கள் அதைப் பம்புக்கே கொண்டுவரலாம். முழுமையான தொகைக்கு அடிக்க விரும்புகிறவர் முன்கூட்டியே தொகையைச் சொல்லட்டும், பம்பில் அதை முதலிலேயே பதிந்துவிட்டு அடியுங்கள்.

நொசிலில் சுற்றும் துணியையும் விசையில் செருகும் மூடியையும் இன்றோடு விலக்குங்கள். பணியாளர்களுக்கு எண்ணெய் புகாத கையுறையும், கைகழுவத் தனிக் குழாயும் சவர்க்காரமும் கொடுங்கள். வழிந்த பெற்றோலை உறிஞ்ச ஒவ்வொரு பம்புக்கும் ஒரு மணல் வாளி, எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் வரும் எவரையும், குறிப்பாகப் பிள்ளைகளை, இறக்கிவிட்ட பிறகே மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். தாங்கியின் கழுத்துக்கு ஒரு விரலளவு கீழேயே நிறுத்துங்கள்.

இன்னொன்று. தளும்ப நிரப்பும் பழக்கத்தின் வேர் பயம் என்று மேலே எழுதினேன். அந்தப் பயத்தைக் குறைக்கும் வழியும் உங்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு காலையும் வாசலில் ஒரு பலகையில், எந்த எரிபொருள் கையிருப்பில் இருக்கிறது, அடுத்த பவுசர் எப்போது எதிர்பார்க்கப்படுகிறது என்று எழுதி வையுங்கள். 2022இல் எங்களை அதிகம் வதைத்தது, வருமா வராதா என்று தெரியாமல் நின்றதுதான். நாளைக்கும் இருக்கும் என்று எழுத்தில் கண்டவர் இன்றைக்கு உங்கள் பையனிடம் இன்னும் இரண்டு லீற்றர் என்று கெஞ்சமாட்டார்.

இந்த மடலின் பிரதியை மாவட்டச் செயலகத்துக்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் கையளிக்கிறேன். உங்களில் யாராவது உங்கள் பணியாளர்களுக்கு இந்தச் செய்தியை விளக்க விரும்பினால், கழற்றிய அந்தக் கரிப்பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பாடசாலை விட்ட பிறகு எந்த நாளிலும், எந்த நிலையத்துக்கும், அதை எடுத்துக்கொண்டு வந்து அரை மணித்தியாலம் பேச ஆயத்தமாக இருக்கிறேன். அடுத்த மாதக் கடைசி நாளன்று மாலை, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நானும் வரிசையில் நிற்பேன். அதற்கு முன்னர் அந்தத் தாள் மாற்றப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.